சிரோசிஸ் இதயத்தசைநோய்

சிரோசிஸ் இதயத்தசைநோய் என்பது, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி முற்றியவர்களிடம், வேறு இதயநோய் எதுவும் இல்லாத நிலையில் காணப்படும் இதயச் செயற்பாட்டுக் குறைபாடு ஆகும். இக்குறைபாடு உடையவரின் இதயம் ஓய்வு நிலையில் இயல்பான அளவிலோ, பெரும்பாலும் இயல்பை விடக் கூடுதலாகவோ குருதியை வெளியேற்றும். உடலுழைப்பு, நோய்த்தொற்று, குருதிப்போக்கு, அறுவை மருத்துவம் போன்ற சுமைகள் வரும்போது மட்டுமே அதன் வலுவின்மை வெளிப்படுகிறது. கல்லீரல் நோயாளியைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்படும் சில சிகிச்சைகளே இத்தகைய சுமையை இதயத்தின் மீது ஏற்றுகின்றன என்பதால், அச்சிகிச்சைகளுக்கு முன் இக்குறைபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

சிரோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதன் ஏதேனும் ஓர் அடையாளத்தைக் காணலாம். எந்த வரையறையைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இவ்விகிதம் பெரிதும் மாறும். இவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறலோ நெஞ்சு அடைப்போ உணர்வதில்லை. களைப்பும் கால்வீக்கமும் இருந்தாலும் அவை கல்லீரல் நோயின் கணக்கிலேயே எழுதப்பட்டு விடுகின்றன.

பெயர்

சிரோசிஸ் என்னும் பெயரைப் பிரான்சு நாட்டு மருத்துவர் ரெனே லென்னெக் 1819ஆம் ஆண்டு வழங்கினார். நோயுற்ற ஈரலின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது பெறப்பட்டது. இப்பெயர் இடம்பெற்ற நூல் ஈரலைப் பற்றியது அன்று; தாம் உருவாக்கிய இதயத்துடிப்புமானியைக் கொண்டு நெஞ்சொலிகளைக் கேட்டறிவது பற்றி அவர் எழுதிய நூலின் அடிக்குறிப்பு ஒன்றிலேயே இது வருகிறது. நெஞ்சைக் கேட்கும் கருவியும் ஈரல்நோயின் பெயரும் இவ்வாறு ஒரே நூலின் வழியாகப் பரவின. எனினும் இரண்டு உறுப்புகளின் நோய்களுக்கும் இடையிலுள்ள இத்தொடர்பு தனியொரு நோயாக ஏற்கப்பட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இந்நோயை வேறு சில நிலைமைகளுடன் குழப்பிக் கொள்ளலாகாது. நாட்பட்ட இதயச் செயலிழப்பில் சிரைக்குருதி பின்தேங்கி ஈரல் கெடுவது இதற்கு நேர்மாறானது. அங்கு இதயம் முதலில் கெடுகிறது. அளவுக்கு மீறிய மது ஈரலையும் இதயத்தையும் தனித்தனியே தாக்கக்கூடும். உடலில் இரும்பு மிகையாகச் சேரும் நோயும், அமிலாய்டு படியும் நோயும் இரண்டு உறுப்புகளையும் ஒருங்கே பாதிப்பன. இவை எவையும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே சிரோசிஸ் இதயத்தசைநோய் என்று கூற இயலும்.

குருதியோட்ட மாற்றங்கள்

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழக் கால் பங்கு ஈரலை அடைகிறது. அதில் பெரும்பகுதி, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் வாயிற்சிரை வழியாகச் செல்கிறது. ஈரல் இறுகி இழைநார்கள் நிறையும்போது இவ்வழியில் தடை ஏற்பட்டு வாயிற்சிரையில் அழுத்தம் கூடுகிறது. அதன் விளைவாகக் குடல்சார் நாடிகளின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற, நாடிகளை விரிக்கும் பொருட்கள் மிகுதியாக உண்டாகின்றன. சிறுநாடிகள் விரிந்து, வயிற்றுப் பகுதியில் குருதி தேங்கத் தொடங்குகிறது.

உடலில் மொத்தக் குருதி குறையவில்லை, கூடியும் இருக்கும். ஆனால் பெருநாடியிலும் கழுத்து நாடிகளிலும் உள்ள அழுத்த உணரிகளுக்குக் குருதி குறைந்துவிட்டது போன்றே தோன்றுகிறது. அவை ஓயாது எச்சரிக்கை அனுப்ப, பரிவு நரம்புகளும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பும் வாசோபிரசின் என்னும் இயக்குநீரும் தூண்டப்படுகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக் கொள்கிறது. அந்நீர் வயிற்றறையில் சேர்ந்து மகோதரம் ஆகிறது. இதயம் விரைவாகத் துடித்துக் கூடுதல் குருதியை வெளியேற்றுகிறது. இந்நிலை மிகையியக்கக் குருதியோட்டம் எனப்படும். இவ்வகை நோயாளியின் கை வெதுவெதுப்பாகவும், நாடி துள்ளலாகவும், குருதியழுத்தம் தாழ்ந்தும் இருக்கும்.

இதனை மின்னியலில் வரும் ஓமின் விதியுடன் ஒப்பிட்டு விளங்கிக் கொள்ளலாம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது போல, சராசரிக் குருதியழுத்தம் என்பது இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவையும் நாடிகளின் தடையையும் பெருக்கி வருவதாகும். ஓர் எடுத்துக்காட்டாக, நலமுள்ள ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதியை 93 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வெளியேற்றினால், நாடித்தடை ஏறத்தாழ 18.6 அலகு. சிரோசிஸ் முற்றிய ஒருவரிடம் 8 லிட்டரும் 72 மில்லிமீட்டரும் காணப்பட்டால் தடை 9 அலகு மட்டுமே. அதாவது இதயக் கீழறை பாதித் தடைக்கு எதிராகவே சுருங்குகிறது. இறக்கத்தில் ஓடும் வண்டியின் வேகத்தைக் கொண்டு அதன் எஞ்சினின் வலிமையை மதிப்பிட இயலாது என்பது போலவே, இந்த இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கொண்டு அதன் தசை நலமாயுள்ளது என்று முடிவு செய்ய இயலாது. இதயக் கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள குருதியில் எத்தனை விழுக்காட்டை வெளியேற்றுகிறது என்னும் பழகிய அளவீடும் இக்காரணத்தால் ஏமாற்றும். அது 65 விழுக்காடு என்று வந்தால் நோயாளியும் உறவினரும் நிம்மதி அடைவது இயல்பே. ஆனால் அவ்வெண் தசையின் வலுவை மட்டுமன்றித் தடையின் தாழ்வையும் சேர்த்தே காட்டுகிறது.

இதயத்தசையில் ஏற்படும் மாற்றங்கள்

நீண்ட காலம் நோரட்ரினலின் இடைவிடாது தூண்டுவதால், இதயத்தசை உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. எஞ்சியவையும் உயிரணுவின் உள்ளே செய்தியைச் சரிவரக் கடத்துவதில்லை. உயிரணுச் சவ்வில் கொழுப்புப் பொருட்களின் விகிதம் மாறுவதால் சவ்வின் நெகிழ்வுத்தன்மை குறைவதும், அதனால் ஏற்பிகளும் அயனி வாயில்களும் மந்தமடைவதும் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சாமுவேல் லீயும் அவருடைய குழுவினரும் 1990களில் எலிகளில் செய்த ஆய்வுகளில் காட்டப்பட்டன. சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் உயிரணுவினுள் வருவதும் இதனால் குறைகிறது.

இவற்றுடன் தசையின் சுருக்கத்தை நேரடியாகத் தணிக்கும் பொருட்களும் கூடுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, உடலே உண்டாக்கும் கன்னாபினாய்டுகள், அழற்சியைத் தூண்டும் புரதங்கள், ஈரலால் அகற்றப்படாத பித்த அமிலங்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். குடல்சுவரின் காப்பு தளர்வதால் நுண்ணுயிரிகளின் நச்சுப்பொருட்கள் குருதியில் கசிவதும் அழற்சிக்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நாடிகளை விரித்து இதயத்தின் சுமையைக் குறைத்த அதே நைட்ரிக் ஆக்சைடு, இதயத்தசையின் வலுவையும் குறைக்கிறது. நோயின் காரணமும் அதை மறைக்கும் திரையும் ஒன்றாக இருப்பது இந்நோயின் தனித்தன்மை.

வரலாறு

1953இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் கோவல்சுக்கி, ஏபல்மான் ஆகிய இருவரும் சிரோசிஸ் உள்ளவர்களின் இதயம் ஓய்வு நிலையிலேயே கூடுதல் குருதியை வெளியேற்றுவதை அளந்து வெளியிட்டனர். இவ்வகை ஆய்வுகளில் பங்குபெற்றோர் பெரும்பாலும் மதுவினால் ஈரல் கெட்டவர்கள். 1969இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின்போது இவ்வகை நோயாளிகளின் இடது கீழறையில் அழுத்தம் உயர்ந்தும், வெளியேறும் குருதி அதற்கேற்பக் கூடவில்லை. 1974இல் ஆஞ்சியோடென்சின் செலுத்தி நாடித்தடையை வேண்டுமென்றே உயர்த்தியபோதும் இதயம் ஈடுகொடுக்கவில்லை. இதயத்தசையை வலுப்படுத்தும் ஊவபெயின் என்னும் மருந்தும் அங்குப் பயன் தரவில்லை.

இக்குறைபாட்டிற்கான ஆதாரங்கள் இவ்வாறு குவிந்தும், அதற்கான பழி மதுவின் மீதே போடப்பட்டது. மது அருந்தும் பழக்கமுள்ள நோயாளிகளை மட்டுமே பார்த்ததால் ஏற்பட்ட பிழை இது. 1980களின் நடுப்பகுதியில், கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்தோ பித்தக்குழாயைக் கட்டியோ ஈரல் நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் இதே குறைபாடு காணப்பட்டது. அந்த எலிகளுக்கு மது கொடுக்கப்படவில்லை. கல்லீரல் அழற்சி தீநுண்மங்களால் சிரோசிஸ் வந்தவர்களிடமும் பின்னர் இதே நிலை உறுதி செய்யப்பட்டது. மது அருந்தாத ஒருவரின் இதயத்தையும் ஈரல்நோய் தனியாகவே பாதிக்கும் என்னும் கருத்து இதன் பின்னரே ஏற்கப்பட்டது.

வெளிப்பாடுகள்

முதலில் தோன்றுவது பெரும்பாலும் தளர்வுக் குறைபாடு. இதயச் சுவர் தடித்து விறைப்பதால், துடிப்புகளுக்கு இடையில் இடது கீழறை எளிதில் தளர்ந்து குருதியால் நிரம்புவதில்லை. அதை நிரப்ப மேலறை கூடுதலாக அழுத்த வேண்டியுள்ளது. நாளடைவில் மேலறை பெரிதாகிறது. திடீரென்று கூடுதல் குருதி வந்து சேர்ந்தால் அது நுரையீரலை நோக்கிப் பின்தேங்குகிறது. சுருக்கக் குறைபாடு உடலுழைப்பின்போது தென்படும். நலமுள்ளவர் மாடிப்படி ஏறும்போது இதயத்துடிப்பு விரைந்து கூடுவது போல் இவர்களுக்குக் கூடுவதில்லை. ஏற்பிகள் மந்தமடைந்துள்ளதே காரணம்.

மூன்றாவது வெளிப்பாடு மின்சார்ந்தது. இதய மின்வரைவில் கியூ-டி இடைவெளி எனப்படும் பகுதி, கீழறைகள் ஒருமுறை மின்தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் குறிக்கிறது. துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்ட இவ்விடைவெளி 440 மில்லிநொடியைத் தாண்டுவது சிரோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படுகிறது. இதனால் உயிர்போக்கும் துடிப்புக் கோளாறு ஏற்படுவது அரிதே. எனினும் இந்நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் சில இவ்விடைவெளியை மேலும் நீட்டுபவை. வயிற்றுநீர்த் தொற்றைத் தடுக்கும் சிப்ரோபுளோக்சசின், அகநோக்கிச் சோதனைக்கு முன் கொடுக்கப்படும் எரித்ரோமைசின், வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் ஆகியன அவற்றுட் சில. சிறுநீர்ப்பெருக்கிகளால் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருக்கும் நோயாளிக்கு இவற்றில் இரண்டு ஒன்றாகச் சேரும்போது முன்கூட்டியே ஒரு மின்வரைவு எடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

கண்டறிதல்

2005இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடைபெற்ற உலக இரைப்பைக் குடலியல் மாநாட்டின்போது இந்நோய்க்கு முதல் வரையறை உருவாக்கப்பட்டது. ஓய்வில் இதய வெளியேற்ற விகிதம் 55 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல், உழைப்பின்போது வெளியேற்றம் போதிய அளவு கூடாமை, கீழறை நிரம்பும் வேகங்களில் மாற்றம் ஆகியன அதில் இடம்பெற்றன. ஆனால் நிரம்பும் வேகம் உடலிலுள்ள நீரின் அளவைப் பொறுத்து மாறக்கூடியது. வயிற்றில் பல லிட்டர் நீர் தேங்கி, அதை அவ்வப்போது வெளியேற்றியும் வரும் ஒருவரிடம் இவ்வளவை நம்புவது கடினம்.

இக்குறைகளைக் களையப் பல நாட்டு வல்லுநர்கள் கூடி உருவாக்கிய புதிய வரையறை 2020இல் வெளியானது. மீயொலி இதய வரைவில் தசையிழைகளின் நீளச் சுருக்கத்தை நேரடியாக அளக்கும் முறை இதில் சேர்க்கப்பட்டது; இச்சுருக்கம் 18 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, வெளியேற்ற விகிதம் 50 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலோ சுருக்கக் குறைபாடு எனக் கொள்ளப்படும். தளர்வுக் குறைபாட்டுக்கு நான்கு அளவீடுகளில் மூன்றாவது மாறியிருக்க வேண்டும். உழைப்பின்போது சோதிப்பது இப்புதிய வரையறையில் கட்டாயமாக்கப்படவில்லை. சுமை வரும்போது மட்டுமே வெளிப்படும் ஒரு நோயை ஓய்வில் அளந்தே வரையறுக்க வேண்டியிருப்பது இத்துறையில் இன்னும் தீராத சிக்கல். நடக்கவே இயலாத நோயாளியை ஓடவைத்துச் சோதிக்க முடியாது என்பதும் உண்மை. டோபுட்டமின் கொடுத்து இதயத்தைத் தூண்டிப் பார்க்கும் சோதனை பயன்பட்டாலும், பீட்டா ஏற்பிகள் மந்தமாக உள்ளவர்களிடமும் பீட்டா தடுப்பான் உட்கொள்பவர்களிடமும் அது தேவையான துடிப்பு வேகத்தை எட்டாமலே முடிவதுண்டு.

சுமை கூடும் தருணங்கள்

வாயிற்சிரை அழுத்தத்தைக் குறைக்க, கழுத்துச் சிரை வழியாக நுழைந்து ஈரலுக்குள் வாயிற்சிரையையும் ஈரல் சிரையையும் ஒரு வலைக்குழாயால் இணைக்கும் முறை 1988 முதல் கையாளப்படுகிறது. செருமனியின் பிரைபர்க் நகரில் அது முதன்முதலில் நோயாளி ஒருவருக்குச் செய்யப்பட்டது. நிற்காத குருதிவாந்தியையும் மருந்துக்கு அடங்காத மகோதரத்தையும் தணிப்பதில் இதன் பயன் பெரிது. ஆனால் குழாய் திறந்தவுடன் வயிற்றில் தேங்கியிருந்த குருதி பெருமளவில் இதயத்தை வந்தடைகிறது. விறைத்த கீழறையால் இதை ஏற்க இயலாமல், அடுத்த நாட்களிலோ வாரங்களிலோ மூச்சுத்திணறலும் நுரையீரல் நீர்க்கோவையும் ஏற்படலாம். எனவே இம்முறைக்கு முன் இதய மீயொலிச் சோதனை செய்யப்படுகிறது.

கல்லீரல் மாற்று அறுவையில் சுமை இன்னும் கடுமையானது. புதிய ஈரலின் குருதிக்குழாய்கள் இணைக்கப்பட்டுக் கவ்விகள் அகற்றப்படும் கணத்தில், குளிர்ந்த, அமிலத்தன்மையுள்ள, பொட்டாசியம் மிகுந்த குருதி நேராக இதயத்துக்குள் பாய்கிறது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் குருதியழுத்தம் 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து ஒரு நிமிடமாவது நீடித்தால் அது மீள்குருதியூட்ட நோய்க்கூட்டு எனப்படுகிறது. மயக்க மருத்துவர்கள் இந்தக் கணத்துக்காகவே மருந்துகளை ஆயத்தமாக வைத்திருப்பர். இதைக் கடந்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. புதிய ஈரல் வேலை செய்யத் தொடங்கியதும், விரிந்திருந்த நாடிகள் சுருங்கித் தடை இயல்புக்குத் திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் பாதித் தடைக்குப் பழகிய இதயம் சில நாட்களில் முழுத் தடையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. ஈரல் நன்றாக வேலை செய்யும்போதே நோயாளி இதயச் செயலிழப்பால் இறக்க நேரிடுவது இவ்வாறே.

மருந்துகளும் இத்தகைய சுமையாகலாம். மகோதரத்திலும் சிறுநீரகக் கோளாற்றிலும் சிரைவழி செலுத்தப்படும் அல்புமின் நீரைக் குருதிக்குழாய்க்குள் இழுப்பது. பிரித்தானியாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிரோசிஸ் நோயாளிகளுக்குக் குருதி அல்புமினை ஓர் இலக்குக்கு உயர்த்திப் பார்த்து, 2021இல் வெளியான ஆய்வில், அல்புமின் பெற்றவர்களிடம் நுரையீரல் நீர்க்கோவையும் நீர் மிகுதியும் கூடுதலாக ஏற்பட்டன. குடல்சார் நாடிகளைச் சுருக்கும் டெர்லிபிரசின் நாடித்தடையை உயர்த்துவதால் இதயத்தின் சுமையையும் உயர்த்துகிறது. அதனுடன் அல்புமினும் சேரும்போது மூச்சு நிலையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

இதயம் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. ஈரல்நோயில் ஏற்படும் சிறுநீரகச் செயலிழப்புக்கு நாடி விரிவு மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எசுப்பானிய மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மகோதரம் இருந்தும் சிறுநீரகம் கெடாத 66 பேர் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவர்களுள் 27 பேருக்குச் சிறுநீரகம் பின்னர் செயலிழந்தது. தொடக்கத்திலேயே மற்றவர்களை விட அவர்களின் இதய வெளியேற்றம் குறைவாக இருந்தது. சிறுநீரகம் கெட்டபோது அது மேலும் குறைந்தது. விரிந்த நாடிகளை நிரப்பும் அளவுக்கு இதயம் உழைக்க முடிந்தவரை சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

மருத்துவம்

இந்நோய்க்கென்று தனி மருந்து எதுவும் இல்லை. இதயச் செயலிழப்பு வெளிப்பட்டால் உப்பைக் குறைத்தல், சிறுநீர்ப்பெருக்கிகள், உயிர்வளி ஆகிய பொதுவான வழிகளே பின்பற்றப்படுகின்றன. மற்ற இதயநோயாளிகளுக்கு உயிர்காக்கும் மருந்துகளாக விளங்கும், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் மகோதரம் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. தாழ்ந்திருக்கும் குருதியழுத்தத்தை அவை மேலும் தாழ்த்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பீட்டா தடுப்பான்களின் நிலை சற்றுச் சிக்கலானது. உணவுக்குழாய்ச் சிரை வெடித்துக் குருதி வாந்தியெடுப்பதைப் புரோப்பிரனலால் தடுக்கும் என்று 1981இல் பாரிசைச் சேர்ந்த லெப்ரெக் குழுவினர் காட்டினர். இன்றுவரை இது அடிப்படைச் சிகிச்சையாக உள்ளது. நீண்ட கியூ-டி இடைவெளியையும் இது ஓரளவு குறைக்கிறது. ஆனால் அதே லெப்ரெக் இடம்பெற்ற குழுவே 2010இல், மருந்துக்கு அடங்காத மகோதரம் உள்ளவர்களில் புரோப்பிரனலால் உட்கொண்டோரின் வாழ்நாள் குறைவாக இருந்ததை வெளியிட்டது. தாம் நிலைநாட்டிய சிகிச்சையின் எல்லையைத் தாமே சுட்டிக்காட்டிய நேர்மை குறிப்பிடத்தக்கது. துடிப்பைக் கூட்டியே வெளியேற்றத்தைத் தக்கவைக்கும் இதயத்திடம் அத்துடிப்பைப் பறித்தால் சிறுநீரகத்துக்குக் குருதி போதாமற் போகும் என்பது இதற்கான விளக்கம். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை ஒப்பவில்லை. மேலழுத்தம் 90 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பது தற்போதைய வழிகாட்டுதல். நோயாளி தாமாகவே திடீரென்று நிறுத்துவது குருதிவாந்தியை வரவழைக்கக்கூடும்.

தில்லியிலுள்ள கல்லீரல் பித்த அறிவியல் கழகத்தில், தளர்வுக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கார்வெடிலாலுடன் ஐவபிராடின் சேர்த்து இதயத்துடிப்பை மட்டுப்படுத்தியபோது நற்பலன் கிடைத்ததாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. ஒரே மருத்துவமனையின் ஆய்வு என்பதால் வேறிடங்களிலும் இது சோதிக்கப்பட வேண்டியுள்ளது.

முழுமையான தீர்வுக்கு மிக அருகில் வருவது கல்லீரல் மாற்று மட்டுமே. அறுவையையும் அதையடுத்த வாரங்களையும் கடந்தவர்களிடம், ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் இதயச்சுவரின் தடிப்பு குறைவதும், தளர்வு சீரடைவதும், உழைப்பின்போது வெளியேற்றம் கூடுவதும் காணப்பட்டுள்ளன. கியூ-டி இடைவெளியும் பலருக்கு இயல்புக்குத் திரும்புகிறது. இழைநார்கள் நிரந்தரமாகப் படிந்துவிட்ட இதயங்கள் முழுவதும் மீள்வதில்லை. மாற்று அறுவைக்குப் பின் உட்கொள்ளும் எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகள் குருதியழுத்தத்தையும் சருக்கரையையும் கூட்டுவதால், மீண்ட இதயத்துக்கும் ஆண்டுதோறும் சோதனை தேவைப்படுகிறது.